நூற்றெழுபது வோல்ட்டில் உங்கள் பெட்டி

அப்பா, இன்று பள்ளி விட்டு வரும்போது வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியின் ஜன்னல் திறந்திருந்தது. தண்ணீர் தெளித்த பனியன் துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது வருமே, அந்த வாசனை. தினமும் சாயங்காலம் உங்கள் சட்டையோடு நம் வீட்டுக்குள் வந்த வாசனை. சைக்கிளை நிறுத்தி அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்ததும், செயினைச் சரிசெய்பவள்போலக் குனிந்துகொண்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

இந்தத் தை மாதம் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தேய்த்த டீ சர்ட்டுகளில் சுருக்கம் நிற்கிறது என்று செக்கிங்கிலிருந்து ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. பதினோரு வருஷம் அயர்னிங் டேபிளில் நின்றவர் நீங்கள். அதற்கு முன் உங்கள் வேலை திரும்பி வந்ததாக நான் கேட்டதே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் முகம்கூடக் கழுவாமல் அம்மாவிடம் சொன்னீர்கள்: “பெட்டி சூடே புடிக்க மாட்டேங்குது. ஒரு பீஸ் தேய்க்கறதுக்குள்ள ஆறிப்போயிருது. கரண்டு பத்தறதில்லை.”

பக்கத்து ஷெட்டில் புதிதாக நிட்டிங் மெஷின்கள் ஓடத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான் என்றும், பகலெல்லாம் வோல்ட் மீட்டர் முள் நூற்றெழுபதைத் தாண்டுவதில்லை என்றும் சொன்னீர்கள். சூப்பர்வைசரோ உங்களுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

எதிர்வீட்டு அக்காவிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். மின்சாரப் பாடத்தில் பாதி படித்திருந்தேன். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் என்பதுவரை வந்திருந்தேன். ஓடி வந்து, பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். 230 வோல்ட், 1000 வாட் என்று யோசிக்காமல் சொன்னீர்கள்.

“அப்படீன்னா சூடு குறையாதுங்கப்பா,” என்றேன்.

ஆயிரம் வாட் என்று பெட்டியிலேயே அடித்திருந்தால் அது எப்போதும் ஆயிரம் வாட்தான்; வோல்ட் இறங்கினால் கரண்ட் ஏறிச் சரிக்கட்டிவிடும் என்று விளக்கினேன். ஆயிரத்தை நூற்றெழுபதால் வகுத்து, 5.88 ஆம்பியர் என்று எழுதி, விடைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன். நீங்கள் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். “படிக்கற புள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்குஞ் சாமி” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

மறுநாளிலிருந்து நீங்கள் கரண்டைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரமே உங்களைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைப்பெட்டி சுமக்கும் வேலை. ஆடியில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை.

போன வாரம் எங்கள் வகுப்பில் அதே பாடம். 230 வோல்ட், 1000 வாட் எனக் குறிக்கப்பட்ட மின் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை என்ன என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கித் திறனால் வகுக்க வேண்டும். 52,900-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 52.9 ஓம். வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. என்னால் போக முடியவில்லை.

பெட்டிக்குள் இருப்பது ஒரே கம்பிதானே? வோல்ட் குறைந்தது என்பதற்காகக் கம்பி மாறிவிடாது. தடை அதே 52.9. அப்படியென்றால் கரண்டும் சேர்ந்துதான் குறையும். நூற்றெழுபதை நூற்றெழுபதால் பெருக்கி 52.9-ஆல் வகுத்தேன். 546 வாட். பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆயிரம் என்பது 230 கிடைத்தால் மட்டும் என்று அந்த எழுத்துக்குப் பொருள். பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை இந்தப் புதுக் கணக்கை எழுதிய தாளோடு உங்கள் கம்பெனிக்குப் போனேன். அப்பா மேல் தப்பில்லை, வோல்ட் குறைந்ததுதான் காரணம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். தாளைப் பார்க்கவில்லை.

“அது எங்களுக்கு அப்பவே தெரியுங் கண்ணு,” என்றார். “பெட்டிக்குப் பத்தலைன்னா ஜெனரேட்டர் ஓட்டோணும். மொதலாளிகிட்ட ஆரு போய்ச் சொல்றது? உங்கொப்பா உன்ற தாளைக் கொண்டாந்து டேபிள் டேபிளாக் காட்டுனாரு, எம்புள்ளை போட்ட கணக்குன்னு. அப்பறம் தப்பு என்மேலதானுங்கன்னு அவரே சொல்லிட்டாரு. எனக்கும் சுளுவாப் போச்சு.”

இப்போது அயர்னிங் டேபிள்களுக்கு மட்டும் தனி லைன் இழுத்திருக்கிறார்கள். உங்கள் இடத்தில் நிற்பவர் அடுக்கி வைத்திருந்த பீஸ்களில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்றார். தண்ணீர் தெளித்தால் துணி சீறும் சத்தத்திலேயே சூட்டைச் சொல்லிவிடுவீர்களே, அப்பா. அந்தக் காதை விட்டுவிட்டு என் தாளை நம்பினீர்களா? இல்லை, நான் போட்ட இரண்டு கோட்டை அழிக்க மனம் வராமல் விட்டுவிட்டீர்களா? இதைக் கேட்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

முன்பெல்லாம் வகுப்பில் நான்தான் முதலில் கை தூக்குவேன். ஏன் விட்டுவிட்டாய் என்று நேற்று டீச்சர் கேட்டார். விடை தெரியாமல் இல்லை. தெரிந்த பிறகும் ஒருமுறை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறேன், பிறகு இன்னொருமுறை. நிமிர்வதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுகிறார்கள்.