நாற்பத்திரண்டு மூலக் கோப்புகள்

ஹைடல்பெர்க்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள கௌசி,

நலம்தானே? பையனுக்கு அம்மை இறங்கிவிட்டதா? இங்கே ஏப்ரலிலும் கம்பளிச் சட்டைதான்.

ஒரு உதவி வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வந்த நாற்பத்திரண்டு பேரின் சிறுநீரை நாம் இருவரும், புரதங்களை எடைபார்த்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டினோமே, அந்தக் கோப்புகள் உன் பொறுப்பில்தானே இருக்கின்றன? சிறுநீரகம் கெடுவதற்கு மூன்று நாள் முன்பே ஒரு புரதம் கூடுகிறது என்று இங்கே சந்தேகப்படுகிறோம். நம் நோயாளிகளிடமும் கூடியிருந்தால் பரிசோதனையை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகலாம். செப்டம்பரில் வியன்னா மாநாட்டில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மெஷின் எழுதிய மூலக் கோப்பாகவே அனுப்பு. முடியாவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற எம்இசட்எம்எல் வடிவத்தில் மாற்றி அனுப்பு.

உன்
திவ்யா


ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள திவ்யா,

எல்லோரும் சுகம். வியன்னாவா! உன் படத்தை ஹரிகுமார் சார் ஆய்வக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "திவ்யா எவ்விடம் வரை எத்தி, கண்டோ?" என்று, நீ எவ்வளவு தூரம் போய்விட்டாய் பார் என்கிறார். கண்டேன் சார் என்கிறேன். நான் அதே மெஷினுக்கு அதே பம்ப் எண்ணெய் மாற்றிக்கொண்டு இருக்கிறேன்.

மூலக் கோப்புகள் இருந்த டிஸ்க் 2019 மழையில் போய்விட்டது. அதற்கு முன்பே எம்இசட்எம்எல்லாக மாற்றியவை மட்டும் கிடைத்தன. இடம் போதாமல் அப்போது மெஷின் பதிவுகளில் சில ஸ்கேன்களை விட்டிருந்தேன். இருப்பதை அனுப்புகிறேன். உனக்கு இது போதாதா என்ன?

அன்புடன்
கௌசல்யா


ஹைடல்பெர்க்
6 மே 2024

அன்புள்ள கௌசி,

போதவில்லையடி. புரதத் துண்டுகளை உடைத்த பின் எடுத்த ஸ்கேன்கள் இருக்கின்றன; அதனால் எந்தப் புரதம் என்று தெரிகிறது. உடைப்பதற்கு முன் எடுத்தவை இல்லை. எவ்வளவு இருந்தது என்பது அவற்றில்தான் இருக்கும். சிறுநீர் மாதிரிகளும் தீர்ந்துவிட்டன, திரும்ப ஓட்ட வழியில்லை. வியன்னாவுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். எழுதிவிட்டு அழுதேன்.

திவ்யா


ஸ்ரீவராகம்
9 மே 2024

அன்புள்ள திவ்யா,

மனசைத் தளரவிடாதே. எல்லாமே ஒருவருக்கே கிடைத்துவிடுமா? இங்கே நாங்களெல்லாம் கிடைக்காததோடுதான் இருக்கிறோம். நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

கௌசி


ஹைடல்பெர்க்
2 ஜூன் 2024

கௌசி,

என்னோடு வேலை செய்யும் லிஜோ உன் கோப்புகளின் தலைப்பகுதியைப் படித்துப் பார்த்தான். எம்இசட்எம்எல் தன் பிறப்பைத் தானே எழுதிவைக்கும் என்று எனக்குச் சொல்லித்தந்தவள் நீ: எந்த மூலக் கோப்பு, மாற்றிய மென்பொருள் எது, அதன் எந்தப் பதிப்பு. 2019-க்கு முன் மாற்றியதாக எழுதினாய். அதில் இருக்கும் பதிப்பு வெளிவந்ததே இந்த மார்ச்சில்தான்.

லிஜோவிடம், "அவள் ஏதோ மறதியில் எழுதியிருப்பாள்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்ள?

திவ்யா


ஸ்ரீவராகம்
30 ஜூன் 2024

திவ்யா,

டிஸ்க் அலமாரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பாக, அளவு சொல்லும் ஸ்கேன்களை நீக்கி மாற்ற இரண்டு நாள் ஆனது. உனக்காக நான் உழைக்கிறேன் என்று நினைத்து ஹரிகுமார் சார் சாயா வாங்கித் தந்தார். குடித்தேன்.

ஜெர்மனி இடத்துக்கு நாம் இருவரும்தான் விண்ணப்பித்தோம். வயிற்றில் பிள்ளை இருந்ததால் நான் விலகினேன். விலகாதே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. "ஏன் விலகுகிறாய்?" என்று நீயாவது கேட்பாய் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து உன் ஒவ்வொரு படத்தையும் பார்த்து வெந்திருக்கிறேன். இதைச் சொல்வதால் நான் செய்தது சரியாகிவிடாது.

போன வாரம் பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வடிவம்மாள் என்றொரு பெண்ணின் சிறுநீர் வந்தது. எலிக்காய்ச்சல். மெஷின் ஓடி முடிவதற்குள் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் போட்டுவிட்டார்கள். முப்பத்தொரு வயது. அந்த முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்.

நாற்பத்திரண்டு மூலக் கோப்புகளும் இத்துடன். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் செக்சம் எண்ணையும், 2018-இல் மெஷின் பதிந்தபடியே, ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கிறேன். என் சொல்லை நம்பாதே, எண்ணைச் சரிபார்த்துக்கொள்.

கௌசல்யா


ஹைடல்பெர்க்
18 நவம்பர் 2024

அன்புள்ள கௌசல்யா,

உடனே பதில் எழுத முடியவில்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. சிறுநீரகம் கெட்ட பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு அந்தப் புரதம் முன்கூட்டியே கூடியிருக்கிறது. கட்டுரையில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. லிஜோ இன்னும் அதை உன் மறதி என்றே நினைக்கிறான்.

அன்று நான் கேட்காமல் இருந்தது மறந்துபோய் அல்ல. தேர்வுப் பட்டியலில் நீதான் எனக்கு மேலே இருந்தாய். கேட்டால் நீ விலகாமல் இருந்துவிடுவாயோ என்று பயந்தேன்.

ஜனவரியில் அம்மாவைப் பார்க்க நாகர்கோவில் போகிறேன். எப்போதும் முதல் நாள் உன் வீட்டில்தான் இறங்குவேன். இந்த முறை தம்பானூரில் அறை எடுத்திருக்கிறேன். ஸ்டேஷன் பக்கம், காலை ரயிலுக்கு வசதி. பரிசோதனையை ஆஸ்பத்திரியில் தொடங்குவது பற்றி ஹரிகுமார் சாரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பதினாறாம் தேதி பதினொரு மணி, ஆய்வகத்தில். உங்களுக்குச் சௌகரியப்படுமா என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு
திவ்யலட்சுமி