காவல் கோபுரம் இருக்கட்டும்

பிஷ்கெக்,
பிப்ரவரி

அன்புள்ள ஜிபார் அக்காவுக்கு,

அனார்குல் எழுதுவது. ஓஷில் எல்லோரும் சுகமா? முட்டிவலி குறைந்ததா? இங்கே பனி விட்டபாடில்லை. பட்டறையில் மை இறுகிப்போகிறது, அடுப்பருகே வைத்து இளக்கித்தான் செம்புத் தகட்டில் பூசிப் படம் அச்சடிக்கிறேன்.

நம் கண்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் வாங்கியவர்களே அதைக் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று கதை சொல்வதாக எவ்வளவு ஆசையாகத் திட்டம் போட்டோம்! என்னிடம் நீங்கள் வாங்கிய படம்தான் முதலில் இருக்க வேண்டியது. சிறை வாசலில், ரொட்டி மூட்டையோடு பனியில் நிற்கும் என் அம்மா. காட்சிக்கூடத்து மெடெர் வந்தார். நான் எண்ணெயில் பொரித்து வைத்திருந்த ஒரு தட்டு போர்சோக்கைக் காலி செய்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "அம்மா இருக்கட்டும்மா. பின்னாடி இருக்கிற காவல் கோபுரத்தை மட்டும் தகட்டுலேருந்து சுரண்டிட்டுப் புதுசா ஒண்ணு அடிச்சுக் குடு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பொம்பளைன்னு எழுதிக்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா பஸ்ஸுக்கா காத்திருந்தாள்?

முடியாது என்றேன். "உனக்கு மனசு வரலேன்னா தகட்டைக் குடு, எங்க ஆளுங்க பாத்துப்பாங்க" என்றார். அவர் கண்ணெதிரிலேயே ஊசியை எடுத்துச் செம்புத் தகட்டின் குறுக்கே மூலைக்கு மூலை ஆழமாகக் கீறிவிட்டேன். இனி அச்சு வேண்டாம் என்று முடிவான தகட்டை நாங்கள் அப்படித்தான் செய்வோம். "அடிப் பைத்தியமே, உன் கையாலேயே கெடுத்துட்டியே!" என்று கத்தினார். "இப்ப சுரண்டுங்கண்ணே" என்றேன். போன வேகத்தில் தொப்பியை விட்டுவிட்டார். வந்து கேட்கட்டும், தருகிறேன்.

காட்சிக்கூடத்தார் ஏதாவது சொன்னால் விட்டுக்கொடுத்துப் போ என்று போன கடிதத்தில் நீங்களும் எழுதியிருந்தீர்கள். கோபமில்லை அக்கா, வருத்தம்தான். கண்காட்சி என் பட்டறையில் நடக்கும், யார் முகம் சுளித்தாலும் சரி. அம்மா படத்தின் மற்ற பிரதிகளெல்லாம் வெளிநாடு போய்விட்டன. இந்த நாட்டில் இருப்பது உங்கள் சுவரில் இருப்பது மட்டும்தான்.

தம்பி எசென் மார்ச்சில் விடுதலையாகிறான். அம்மா இறந்தது அவனுக்குத் தெரியும். அவள் வாராவாரம் வந்து நின்றது தெரியாது. அவளை ஒருநாளும் உள்ளே விடவில்லை, ரொட்டியையும் வாங்கவில்லை. "அம்மா ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலியே" என்று, போன மாதம் முதல்முறையாக என்னை உள்ளே விட்டபோது கேட்டான். நான் சொன்னதை அவன் நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறான்.

அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் எந்த வாசல் என்று அவனுக்குத் தெரியும், அம்மா அங்கே நின்றதை நம்புவான். நீங்கள் நன்றாக இருப்பீர்கள் அக்கா, படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் தங்கை,
அனார்குல்