சின்ன வண்டின் சூடு

செவ்வாய்க் கோள், மூன்றாம் பசுங்கூடம். வண்டு அறைக் குறிப்பேடு. எழுதுபவர் மாரிக்கனி. இதை எடுத்துப் படிப்பவருக்கு.

நாள் 211, 07:10
அறை வெப்பம் 14 டிகிரி. செத்ததை மண்ணுக்கு உரமாக்க வளர்க்கும் பிணவண்டுகள் 64, எல்லாம் உயிரோடு. செத்த கோழி ஒன்றை இறகு உரித்து, பந்தாக உருட்டி, மண்ணுக்குள் இறக்கிவிட்டன. வண்டுகளின் முதுகில் சவாரி வந்த உண்ணிகள் இறங்கி, கோழி மேல் இருந்த ஈ முட்டைகளைத் தின்றன. வேலை முடிந்ததும் மறுபடி வண்டு மேல் ஏறிக்கொண்டன.
உண்ணி ஏறிய வண்டுக்கு உடல் சூடு கூடுகிறது. கோழிக்காக நடந்த சண்டையில், இருப்பதிலேயே சின்ன வண்டு பெரியதன் காலைக் கடித்துத் துண்டாக்கியது. அதன் முதுகில் முப்பது உண்ணிகள்.

நாள் 213, 11:30
காற்றுக்கலன் வெடித்தது. மெக்கானிக் சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார். நெஞ்சு இருந்த இடத்தில் நெஞ்சு இல்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இனி இங்கே நானும் தலைவர் பத்மாசனி மேடமும் மட்டும்.
சவரிமுத்து அண்ணனின் மகன் டைட்டஸ் முதல் கூடத்தில் வேலை பார்க்கிறார். வானொலியில் அவர்:
"பொதச்சிராதீங்க மேடம். ஆறு நாள்ல வண்டியில வந்துருவேன். அப்பா மொகத்த ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."
மேடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வெளியே வைத்தால் முகம் காய்ந்து சுருங்கிவிடும். உள்ளே குளிரூட்ட முடிந்த இடம் வண்டு அறை மட்டுமே. பிணம் வந்தால் உண்ணிகள் இறங்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வந்தேன். இண்டர்காமில் மேடம்:
"என்ன மாரிக்கனி, முழுங்கறே? வாயத் தெறந்தா முத்து உதிர்ந்துடுமா? வந்து கால் பக்கம் பிடி."
பிடித்தேன். அறையை 3 டிகிரிக்கு இறக்கினோம். வண்டுகள் மரத்துப்போய்க் கிடக்கின்றன.

நாள் 215, 16:40
காலையும் மாலையும் ஈரத்துணியால் அண்ணன் முகத்தைத் துடைக்கிறோம். மகன் வரும்போது காய்ந்திருக்கக் கூடாது. கையுறையோடு தொடுவது மரியாதை இல்லை என்றார் மேடம். வெறுங்கைதான்.
என் மணிக்கட்டில் உண்ணிகள் 11. மேடம் கழுத்தில் அதைவிட அதிகம். கழுவினால் போகவில்லை. வண்டுகளின் முதுகில் இப்போது ஒன்றுகூட இல்லை. சூடு தேடி எங்கள் மேல் ஏறிவிட்டன.
என் உடல் வெப்பம் 38.4.

நாள் 216, 09:15
39.7. காய்ச்சல் மாதிரி இல்லை. பசி மாதிரி இருக்கிறது.
மேடம் வண்டு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். இண்டர்காமில்:
"கிட்ட வராதே. இவர் எனக்கு."
பிறகு பல் நறநறக்கும் சத்தம். நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. குழாய் ஸ்பானரை எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. தெரியும்.

நாள் 217, 15:20
கதவை உடைத்தேன். மேடம் என்னைவிட ஒரு அடி உயரம். என் சுண்டுவிரலைக் கடித்துத் துப்பினார். அவர் முழங்காலை உடைத்தேன். விழுந்ததும் தலையில். எத்தனை அடி என்று எண்ணவில்லை. எதையும் எண்ணாமல் விட்டது இதுதான் முதல் தடவை.
அவர் குளிரக் குளிர, அவர் மேலிருந்த உண்ணிகள் வரிசையாக என் மேல் ஏறின.
அழுதேன். கொஞ்ச நேரம் நான் நானாக இருந்தேன். டைட்டஸ் இன்னும் இரண்டு நாள் தூரத்தில் இருக்கிறார். வராதே என்று சொன்னால் பிழைப்பார். வானொலியை எடுத்தேன்.
"யாரு? மேடமா? அக்காவா? பேசுங்க..."
என்ன செய்தேன் என்று எப்படிச் சொல்வேன். வைத்துவிட்டேன்.

நாள் 218, 06:00
40.6. மேடத்தின் முடியை மழித்தேன். முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கட்டி மண்ணுக்குள் இறக்கினேன். நகம் பெயர்ந்துவிட்டது. வலி இல்லை.
அண்ணனுக்கும் மழித்து மடக்கிவிட்டேன். முகத்தைத் தொடவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

நாள் 219, 08:05
41.2. இண்டர்காமில் டைட்டஸ்:
"அக்கா, வெளிக்கதவுல நிக்கேன். உள்ள சத்தமே இல்லியே? மேடம் எங்க?"
குரல் நடுங்காமல் பேசினேன்.
"வா தம்பி. அப்பா மொகம் அப்படியே இருக்கு. கையுறைய மட்டும் கழத்திட்டு வா."