நில்லுட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளிக்கரணையிலிருந்து ஜோவிதா. கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

பேச்சு வராத மிருதுளாவுக்குப் பயிற்சி தருகிறேன் என்றேனே, ஏழு வயது. தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி ஓடிவிடுவாள். சொன்னதும் நிற்பதற்கு மூன்று மாதமாக வாளியருகிலும் தொட்டியருகிலும் பழக்கினேன். செவ்வாயன்று, மழைத்தண்ணீர் தேங்கிய காலி மனையைப் பார்த்து ஓடினாள்.

"மிருது, நில்லும்மா! ஸ்டாப்!" என்று அவள் அப்பா கத்தினார். நிற்கவில்லை. பின்னால் ஓடிய நான் "நில்லுட்டி!" என்றேன். விளிம்பிலேயே நின்றுவிட்டாள். பயப்படாதீர்கள், கால்கூட நனையவில்லை.

தப்பு என்னுடையதுதான். நம் பாளையங்கோட்டைப் பேச்சில், என் ஒரு குரலில் மட்டுமே பழக்கியிருக்கிறேன். இனி அந்த வீட்டில் எல்லோரும் சொல்லிப் பழக்க வேண்டும். அவள் அப்பா ஆபீஸ் கிளம்புமுன், "நில்லுட்டி... கரெக்டா சொல்றேனா மேடம்?" என்று ஒத்திகை பார்க்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ஜோவிதா என்று கூப்பிடாமல், ஒருதரம் நம்மூர்ப் பேச்சில் 'ஏட்டி' என்று கூப்பிடுங்கள், அம்மா. இங்கே எல்லோருக்கும் நான் மேடம்தான்.