செருப்போடு ஒரு கணக்கு, செருப்பில்லாமல் ஒரு கணக்கு

என்ரை ஆசை அண்ணைக்கு,

மேலுலகம் போய்ச் சேர்ந்த உனக்கும், இதை வாசிக்கும் சகலருக்கும் மிகுந்த பொறுப்போடு அறியத் தருவது: எனக்கு மீசை முளைத்துவிட்டது. வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். அம்மாவிடம் காட்டினேன். முகத்தைக் கழுவிப்போட்டு வரச் சொன்னா.

முந்தியென்றால் சிரித்திருப்பா. உன்னை 'நீ' என்று கதைத்தால் அம்மா ஏசுவாவே, அண்ணையை 'நீங்கள்' என்று சொல்லடா என்று? இப்போது உன்னைப் பற்றி நான் எப்படிக் கதைத்தாலும் ஏசுவதில்லை. எனக்கு அது எவ்வளவு பயமாக இருக்குது தெரியுமோ?

பள்ளிக்கூடத்தில் மின்னியல் பாடம் தொடங்கிவிட்டது. தடையின் அலகு ஓம் என்று விஞ்ஞான மிஸ் சொன்னா. அதை யாழ்ப்பாணத்தான் எப்படி மறப்பான் மிஸ், விடிய எழும்பினால் படுக்கும் வரைக்கும் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிக்கொண்டுதானே திரிகிறோம் என்றேன். மிஸ்ஸே சிரித்துவிட்டா.

பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினா. வீட்டு மின்சாரம் 230 வோல்ற். உடுப்பு அயன் பண்ணுகிற மின்னழுத்தி ஒன்று 4 அம்பியர் இழுக்கிறது. தடை என்ன, வலு என்ன? எழுதி முடிக்க முன்னமே வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மிஸ்ஸுக்கு அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. அழிக்கப் போனா.

"அழியாதேங்கோ மிஸ். இது எங்கடை வீட்டுக் கணக்குத்தானே."

பகிடிக்குத்தான் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

முதலில் முடித்தது நான்தான். அழுத்தத்தை மின்னோட்டத்தால் பிரித்தால் தடை, ஐம்பத்தேழரை ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு, 920 வாற்ஸ். இந்தக் கணக்கில் என்னை வெல்ல எங்கடை ஊர் பண்டத்தரிப்பிலேயே ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நனைந்த உடம்புக்குத் தடை ஆயிரம் ஓம் அளவில்தான் இருக்குமாம். 230ஐ ஆயிரத்தால் பிரித்தேன். கால் அம்பியர்கூட வரவில்லை. அதை 230ஆல் பெருக்கினேன். ஐம்பத்துமூன்று வாற்ஸும் முழுதாக இல்லை. அண்ணை, உன்னைக் கொண்டுபோனது அந்தக் காலத்து அறுபது வாற்ஸ் குண்டு பல்ப் ஒன்று எரியக்கூடக் காணாது. உன்னைப்போல ஒரு ஆளுக்கு இவ்வளவுதானோ?

இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்லவேண்டும். எங்கடை வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடி மோட்டர் கொஞ்ச நாளாகவே ஷொக் அடித்தது. அந்த லைனுக்கு, ஷொக் அடித்தால் தானாக நிற்பாட்டுகிற ட்ரிப் சுவிட்ச் போடவேண்டும் என்று எல்லோரும் சொன்னோம், ஒருத்தரும் போடவில்லை. நீ புறங்கையால் தட்டிப் பார்த்து, "சும்மா கடிக்குது" என்று சிரிப்பாய். தோட்டத்து மண்ணைச் செருப்போடு மிதிக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். சோறு போடுகிற மண் என்பார். அப்பா சொன்ன ஒன்றையும் கேளாத நீ அதை மட்டும் மீறியதில்லை. அன்றைக்கும் வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாய்க்கால் தண்ணீருக்குள் நின்றுதான் மோட்டரில் கை வைத்தாய்.

அதற்குப் பிறகு அப்பா தோட்டப் பக்கம் போகவே இல்லை. விறாந்தையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். தண்ணீர் இல்லாமல் வெங்காயத் தாள் மஞ்சளாகிறது. பார்த்துப் போகிறவர்கள் ஆளுக்கொரு புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அழுத்தம், மின்னோட்டம், தடை. அப்பா திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, உந்தக் கணக்கிலை செருப்பையும் சேக்கலாமோ?"

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். ஏனென்றால் அதையும் நான் செய்து பார்த்திருந்தேன். காய்ந்த ரப்பர் செருப்பு. குறைத்துப் போட்டாலும் ஐந்து இலட்சம் ஓம். 230ஐ அதால் பிரித்தால் வருகிற மின்னோட்டம் உனக்குத் தெரிந்துகூட இராது. வரம்பிலேயே, ஈரம் படாத இடத்தில், செருப்போடு நின்று மோட்டரைப் போட்டிருந்தால், வீட்டுக்கு வந்து என்ரை பங்குப் புட்டையும் சாப்பிட்டிருப்பாய்.

"சேத்தாலும் ஒண்டுதான் அப்பா," என்றேன். "230 வோல்ற்றுக்கு முன்னாலை செருப்பு என்ன செய்யும்?"

என்ரை வாழ்க்கையில் நான் விட்ட புளுகுகளில் முதலாம் இடம் இதற்குத்தான். கண் இமைக்கவில்லை, குரல் தடக்கவில்லை. நீயே ஏமாந்திருப்பாய். அப்பாவும் "ம்" என்றார். ஒரு மனிதரை ஒரே வசனத்தில் காப்பாற்றிவிட்டேன், பார்த்தியோ?

இந்த இடத்தில் கடிதத்தை முடித்தால் எனக்கு மரியாதை. ஆனால் உன்னிடம் நான் சொன்ன பொய் எப்போதாவது நின்றிருக்கிறதோ?

அப்பா நம்பவில்லை, அண்ணை. பிறகு அதே சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நீ கணக்கிலை பிழை விடுறேல்லையே, ராசா."

என்ரை குரலும் தடக்கியது. கண்ணும் இமைத்தது. நான் அழுதது அவருக்குக் கேட்டது, அவர் அழுதது எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

சோதனைத் தாளில் இந்தக் கணக்கு வந்தால் சரியாக எழுதுவேன். அப்பா எத்தனை தரம் கேட்டாலும் பிழையாகவே சொல்லுவேன், அவர் நம்பாவிட்டாலும். இது உனக்குத் தரும் வாக்கு.

அப்பாவிடம் வசமாகப் பிடிபட்ட,
உன்ரை தம்பி