கம்பத்தோரம் நின்றிருக்கலாம்

1892 நவம்பர் 3, வியாழன்

இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. போன சனிக்கிழமை இரண்டு பேர் பந்தோடு சேர்த்து என்னையும் கோலுக்குள் தள்ளினார்கள். கோல்கீப்பரை இடிக்கலாம், விதியில் இடமிருக்கிறது. எங்கள் ஆட்களும் இடிக்கிறார்கள்.

விட்டுவிடலாம். ஆனால் கல்லூரி முடிந்தபின் எனக்கு மிச்சம் இந்தக் கால்பந்து அணிதான். வேறு யாரோடு தேநீர் குடிப்பேன்?

நவம்பர் 8

ஹாலம் வந்தான். கல்லூரி நாளிலிருந்தே எங்கள் கேப்டன்.

"டேய் நெட், சனிக்கிழமை கோப்பை ஆட்டம். எதிர்ல கூலிக்கு ஆடுற மில்காரனுங்க. நமக்கு எதிரா பெனால்டி குடுத்தா என்ன பண்ணணும்னு தெரியும்ல?"

"கம்பத்துல சாஞ்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கணும்."

"அதான். ஜென்டில்மேன் வேணும்னு காலை வாருவானாடா? போன வருஷம் வந்த அந்தப் பெனால்டி விதியே நமக்கு அவமானம். கோல் போனா போகட்டும்."

சிரித்தேன். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பினேனா?

நவம்பர் 12, ரயிலில்

ஜெயித்தோம். பெட்டியில் யாரும் என்னோடு பேசவில்லை.

ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியும் நேரம். எங்களுக்கு எதிராகப் பெனால்டி. ஹாலம் கம்பத்தைக் காட்டினான். நகரத்தான் செய்தேன். பிறகு — மதியம் முழுக்க இடித்திருந்தார்கள். இப்போது எதிரே ஒருவன், ஒரு பந்து. யாரும் என்னை இடிக்க முடியாத ஒரே நேரம் அது. திரும்பி வந்து நடுவில் நின்றேன்.

பந்து நெஞ்சில் பட்டது. அணைத்துக்கொண்டேன்.

உதைத்தவன் வாய்விட்டுச் சிரித்தான். "சார், நீங்கள்லாம் ஒதுங்கிடுவீங்கன்னு சொன்னாங்களே! நம்பி மெதுவா அடிச்சுட்டேன்யா."

ஹாலம் மட்டும் ஒரு வார்த்தை. "சந்தோஷமா?"

ஆமாம். அதுதான் சங்கடம்.

நவம்பர் 15

பெனால்டியை நான் தடுத்தது அவமானம் என்று, ஜெயித்த ஆட்டத்தை ஹாலம் மில்காரர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டானாம். தெருவில் அவனைப் பார்த்தேன்.

"தோள் ஆறட்டும் நெட். கொஞ்ச நாள் ஓய்வெடு."

"எவ்வளவு நாள்?"

"பார்க்கலாம்."

என் தோளைப் பற்றி அவன் பேசியது இதுவே முதல் முறை.

நவம்பர் 17

மழை. ஒன்றுமில்லை.

நவம்பர் 19, சனி

மதியம் வீட்டில் இருக்க முடியவில்லை. பூங்காப் பக்கம் நடந்தேன். மீன்சந்தை ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் கீப்பர் இல்லாமல்.

"ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க? வந்து கோல்ல நிக்கிறது!"

"தோள் சரியில்லை."

"எங்கள்ல யாருக்குங்க சரியா இருக்கு? இடிச்சா மட்டும் கோவிச்சுக்கக் கூடாது."

கோட்டைக் கழற்றிப் புல்லில் வைத்தேன்.