காளவாசலில் பனி

ஜூன் 9, திங்கள்

ஜெரால்ட் ரிட்டயர் ஆகி ஒன்பது நாள். இன்றும் நாலரைக்கே குளித்து, காக்கிச் சட்டை போட்டு, ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். பஸ்தான் வரவில்லை. குக்கரைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், "போலாம், போலாம், ரைட்டுல ஒடி மேரி" என்கிறார். முப்பத்திரண்டு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது அவர் கையில் இருக்கிற ஒரே வண்டி நான்தான்.

சாயங்காலம் வெள்ளைத்துரை வந்தார். கல்குவாரிக்கு டிப்பர் லாரி விடுகிறவர். "அண்ணே, ஒண்ணாந்தேதி வந்து வண்டில ஏறிருங்க. உங்க கை மாதிரி வராது." இவர் சிரித்தார். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அப்படியொரு சிரிப்பு இல்லை.

இவருக்கு இடது பக்கப் பார்வை குறைந்துவிட்டது, இனி பெரிய வண்டி தொடவே கூடாது என்று கண் டாக்டர் சொன்னது ஏப்ரலில். கடைசி இரண்டு மாதம் டிப்போவில் மேசை வேலைதான். வெள்ளைத்துரையிடம் அதைச் சொன்னாரா? மூச்சு விடவில்லை. நான் கேட்டதற்கு, "அந்த டாக்டர் என்னைக்காச்சும் பஸ் ஓட்டிருக்காரா?" என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 11

காளவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜுல்பிகரைப் பார்த்தேன். என்னிடம் கணக்குப் படித்தவன். "பஸ் ஓட்டுற கேம் இருக்கு டீச்சர். யாரோ ஒரு புண்ணியவான் அதுக்கு மதுரை ரோட்டையே செஞ்சு நெட்டுல போட்டிருக்கான். மாட்னு சொல்வோம். தனி பைலா வரும், நாமதான் கேமுக்குள்ள சேக்கணும்" என்றான். கேம், மதுரை மாட், நம்மூர் பஸ் மாட் எல்லாம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். கூடவே ஒரு ஸ்டீயரிங்.

என் திட்டம் எளிது. முடிகிறவரை அவருக்குத் தெரியக் கூடாது. வீட்டிலேயே பஸ் ஓட்டினால் டிப்பர் ஆசை போய்விடும். இருபது நாள் இருக்கிறது. இருபத்தேழு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவளுக்கு நாலு பைலைக் காப்பி பண்ண வராதா?

ஜூன் 12

வரவில்லை.

கேம் ஏறிவிட்டது. மாட் பைலை உள்ளே போட்டால், "அனுமதி மறுக்கப்பட்டது. நிர்வாகியை அணுகவும்" என்கிறது. இந்த வீட்டில் என்னைத் தவிர யார் நிர்வாகி? விசாரித்தால், பெர்சி. ஓசூரில் வேலை பார்க்கிற என் மகன், போன வருஷம் வந்தபோது செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான். போனில் கேட்டால், "நீங்க எதையாச்சும் அழிச்சிருவீங்கம்மா. அதான் உங்களைச் சாதா யூசரா வச்சிருக்கேன்" என்கிறான்.

சாதா. பல் விளக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

ஜூன் 14, சனி

பாஸ்வேர்டை வாங்கிவிட்டேன். (அழுதேன். கொடுத்துவிட்டான்.)

ஜுல்பிகர் போனில் சொன்னபடி, விண்டோஸ் காவல் காக்கிற இடத்திலிருந்து கேமைத் தூக்கி, டி டிரைவில் புது போல்டருக்கு மாற்றினேன். இனி அனுமதி கேட்காதாம். அடுத்து, மாட்களை வரிசையில் நிறுத்த ஒரு கருவி. அதைத் திறந்தால், "போல்டர் இல்லை" என்கிறது. என் கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது. 'படிக்க மட்டும்' என்ற டிக்கை எடுத்தேன். முழு உரிமை கொடுத்தேன். எனக்கு, அவருக்கு, பெர்சிக்கு, விருந்தாளிக்கு. பால்காரருக்கு மட்டும்தான் கொடுக்கவில்லை.

இல்லையாம்.

ஜூன் 16

ஜுல்பிகர் வீட்டுக்கே வந்தான். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், போல்டர் பேருக்கு முன்னால என்னமோ போட்டிருக்கீங்களே."

"சிலுவை. நான் எது எழுதினாலும் மேல சிலுவை போட்டுத்தான் ஆரம்பிப்பேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கணக்குப் பேப்பர்லயும் போடுவீங்க, கீழ சைபரும் போடுவீங்க. ஆனா இந்தக் கருவிக்கு அந்தக் குறி புரியலை. தமிழெழுத்தும் புரியாது. எடுத்துருங்க."

சிலுவையை எடுக்கவா? முடியாது என்றேன். கணவர் உயிர் விஷயமாக ஒரு காரியம் தொடங்குகிறேன், வெறுமனே தொடங்கச் சொல்கிறான். அவன் கோபப்படவில்லை. "நானும் எல்லா போல்டருக்கும் முன்னால 786 போட்டுத்தான் வச்சிருக்கேன் டீச்சர். நம்பருங்கறதால தப்பிச்சேன்."

சிரிப்பு வந்துவிட்டது. போல்டருக்கு ஆங்கிலத்தில் 'பஸ்' என்று மட்டும் பேர் வைத்தோம். சிலுவையைச் சாக்பீஸால் கம்ப்யூட்டர் பெட்டி மேல் போட்டேன். உடனே வேலை செய்தது.

ஜூன் 18

டிவியில் இணைத்து ஓட்டிப் பார்த்தேன். காளவாசல் வந்தது. சிக்னல் வந்தது. பனியும் வந்தது. மார்கழிப் பனி இல்லை, வெள்ளை வெளேரென்று ஐரோப்பாப் பனி. கடைப் பலகை தெரியாத அளவுக்குக் காளவாசலில் பனி கொட்டுகிறது, கம்பளிக் கோட்டுப் போட்டவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறார்கள்.

பின்னால் சத்தம். ஜெரால்ட். எப்போது வந்து நின்றார் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ரகசியம் போச்சு. போகட்டும், பதினெட்டு நாளில் முதல் சிரிப்பு. (வெள்ளைத்துரை வரவழைத்த சிரிப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஜூன் 19

கண்டுபிடித்தது அவர்தான்.

மாட் வரிசையில் மதுரையை முதலில் வைத்திருந்தேன். முக்கியமானது முதலில் வரவேண்டும் இல்லையா? குளிர்காலம் என்று கேமோடு வந்த ஏதோ ஒன்று கடைசியில் கிடந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பஸ் டாப்புல மூட்டை ஏத்தறப்ப மொதல்ல ஏத்தினது அடில போயிரும். கடைசியா போட்டதுதான் மேல தெரியும். மதுரையைக் கடைசில போடு."

போட்டேன். பனி நின்றது. வெயில் அடித்தது.

ஜூன் 21, சனி

காக்கிச் சட்டையோடு டிவிக்கு ஓர் அடி முன்னால் உட்கார்ந்து, திருப்பரங்குன்றத்திலிருந்து எடுத்தார். கியர் மாற்றுகிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன அழகு.

காளவாசலில் இடது பக்கம் ஓர் ஆட்டோவை இடித்தார். மறுபடி எடுத்தார். இடது பக்கம் ஒரு பைக். மறுபடி. ஓரமாக நின்ற கல்லூரிப் பெண்கள்.

"உன் மாட் ஆர்டர்ல இன்னும் என்னமோ தப்பு இருக்கு மேரி. சட்டுனு முளைக்கிறாங்க."

"பாக்குறேங்க" என்றேன்.

ஜூன் 22

பூசைக்குப் போய் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். வரிசை சரி. அனுமதி சரி. நானே ஓட்டினேன். எனக்கு ஓட்டவே தெரியாது, ஆனால் அந்த ஆட்டோ தூரத்திலிருந்தே தெரிகிறது. பைக்கும் தெரிகிறது.

ஐயோ, எல்லாம் தெரிகிறதே.

ஜூன் 25

"பாத்தியா? ஆர்டர் தப்புதானே?"

தப்பு என்று சொல்லிவிடலாம். இன்னும் நாலைந்து நாள் அந்தப் பொய்யில் ஓடும். ஆனால் ஒண்ணாந்தேதி வந்துவிடும். குவாரி ரோட்டில் ஓரமாக நடந்து போகிறவர்கள் மறுபடி எழுந்து நிற்க மாட்டார்கள்.

"ஆர்டர் சரியாத்தாங்க இருக்கு."

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சரி" என்றார். அடுப்படிக்கு வந்து நன்றாக அழுதேன்.

ஜூன் 30

வெள்ளைத்துரைக்கு அவரே போன் போட்டார். "வேற ஆளைப் பாருப்பா. எனக்கு லெப்ட்ல ஒண்ணுமே தெரியலை." டாக்டரிடம்கூடச் சொல்லாத சொல்.

ஜூலை 1

நாலரைக்கு எழுந்தார். காக்கிச் சட்டை கொடியில் கிடக்க, பனியனோடு வந்தார். டிவி முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தேன். இடது நாற்காலியில் நான்.

"ஆட்டோ வருதுங்க." நிறுத்தினார். "ரைட், போலாம்." எடுத்தார்.

திருப்பரங்குன்றத்திலிருந்து காளவாசல் வரை ஓர் இடியும் இல்லை. ரிட்டர்ன் டிரிப்பும் அடித்தோம். பள்ளிக்கு நான் இருபது நிமிடம் லேட்.